ஆண்ட்ரோமெடா தூரம் தாறுமாறாக வருகிறது, எங்கே பிசகு?

காட்பாடி_நிலா:
எம்.எஸ்சி. முதல் ஆண்டு. செஃபீடு விண்மீனை (சீரான காலத்தில் ஒளி கூடிக் குறைவது) வைத்து ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளின் தூரம் காணும் பயிற்சி. துடிப்புக் காலம் 31.4 நாள், சராசரித் தோற்றப் பொலிவெண் (நமக்குத் தெரியும் பிரகாசம்; எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்) 19.4. தனிப் பொலிவெண்ணுக்கு (விண்மீனின் உண்மையான பிரகாசம்; இரண்டின் வித்தியாசத்திலிருந்து தூரம் கிடைக்கும்) கொடுத்த சூத்திரம்: −2.43 × (லாக் காலம் − 1) − 4.05. பைதானில் போட்டால் இரண்டரைக் கோடி ஒளியாண்டு வருகிறது. புத்தகத்தில் 25 லட்சம்தான். எங்கோ ஒரு பூஜ்ஜியம் கூடிவிட்டதா?

ஆற்காடு_வானம்:
தனிப் பொலிவெண் எவ்வளவு வந்தது?

காட்பாடி_நிலா:
−10.0 அண்ணா.

ஆற்காடு_வானம்:
அதான் விஷயம். 31 நாள் செஃபீடு −5 சொச்சம்தான் இருக்கும். மேத்.லாக் போட்டிருப்பீர்கள், பைதானில் அது இயல் மடக்கை, 31.4க்கு 3.45 தரும். இங்கே வேண்டியது பத்தை அடியாகக் கொண்ட மடக்கை, 1.497. லாக்10 என்று மாற்றுங்கள், −5.26 வரும். பத்து மடங்கு போலத் தெரிந்தது தற்செயல், பூஜ்ஜியத்தைத் தேடி அலைய வேண்டாம்.

காட்பாடி_நிலா:
மாற்றிவிட்டேன், 27.9 லட்சம்! மீதி 3 லட்சம்?

ஓய்வு_வாத்தியார்:
தூசிம்மா. அந்தத் திசையில் நம் பால்வழித் தூசியே 0.2 பொலிவெண் அளவுக்கு ஒளியை மங்க வைக்கும். மங்கலாக இருந்தால் சூத்திரம் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். 19.4க்குப் பதில் 19.2 போட்டுப் பாருங்க, 25 லட்சத்துப் பக்கம் வந்துவிடும். ஆண்ட்ரோமெடாவுக்குள் இருக்கிற தூசி தனிக் கணக்கு. அதனால்தான் இப்போது அகச்சிவப்பில் அளக்கிறார்கள். 1923இல் வானியலாளர் ஹபிள் அங்கே முதலில் பிடித்த செஃபீடுக்கும் இதே 31.4 நாள்தான். அவருக்குக் கிடைத்தது சுமார் 9 லட்சம்! செஃபீடில் பிரகாசத்தில் வேறுபடும் இரண்டு ரகம் உண்டு என்று வால்டர் பாடே 1952இல் அறிவித்த பிறகுதான் தூரங்கள் இரட்டிப்பாகின.

சத்துவாச்சாரி_மாடி:
குறுக்கே வருகிறேன். 8 அங்குலத் தொலைநோக்கியில் இந்த விண்மீன் தெரியுமா?

ஆற்காடு_வானம்:
வாய்ப்பே இல்லை. 19ஆம் பொலிவெண்ணைக் கண்ணால் பார்க்கக் காவலூர் வானாய்வகத்தில் இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கி மாதிரி வேண்டும். செஃபீடு துடிப்பதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் செஃபியஸ் விண்மீன் குழுவில் உள்ள டெல்டா செஃபைக்கு வெறும் கண்ணே போதும். 5.37 நாளில் பொலிவெண் 3.5க்கும் 4.4க்கும் நடுவே ஏறி இறங்கும். நவம்பர் நடுவில் இரவு ஏழு மணிக்கு நேர் வடக்கே, பாதி வானத்தில் நிற்கும். பக்கத்திலேயே அதே குழுவின் ஜீட்டா (பொலிவெண் 3.4), எப்சிலான் (4.2) விண்மீன்கள், தினமும் அவற்றோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். ஊர் வெளிச்சத்தில் எப்சிலான் சிரமம், வேலூர் பக்கத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் போனால் நல்லது.