பொருட்காபன்: ஒரு சொல்லுக்கான முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டும் பொருள்களால் காற்றில் சேரும் காபனை ஆங்கிலத்தில் embodied carbon என்பார்கள். அதற்குத் தமிழில் 'உள்ளுறை காபன்', 'ஆக்கக் காபன்' என்று இரண்டு சொற்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன. முதலாவது வேண்டாம் என்பது என் கருத்து. 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்றைத் தயாரிக்க ஏறக்குறைய 40 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல, சூளையில் வேகும் சுண்ணாம்புக்கல்லே விடுவது. மூட்டை லொறியில் ஏறுமுன்பே அந்த வாயு, சீமெந்து ஆலை இருக்கும் புத்தளத்துக் காற்றில் கலந்துவிட்டது. ஹட்டனில் பூசிய சுவருக்குள் அது இல்லை. உண்மையில் காபன் உள்ளே உறைவது மரத்தில்தான். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காபன். 'உள்ளுறை' என்று எழுதினால், படிக்கிற பிள்ளை மரத்தைத்தான் சந்தேகிக்கும்.

'ஆக்கக் காபன்' பரவாயில்லை. ஆனால் வீடு கட்டி முடிந்ததோடு கணக்கு நிற்பதில்லையே. துருப்பிடித்த கூரைத் தகரத்தை மாற்றுவதும், கடைசியில் இடித்து அகற்றுவதும் இதில்தான் சேரும்.

அதனால் 'பொருட்காபன்' என்று வைக்கலாம். விளக்கு, சுடுநீர், ஹீட்டரால் வருவது 'பாவனைக் காபன்'. இரண்டும் சேர்ந்தால் 'முழுவாழ்வுக் காபன்'.

மலையகத்துக்கு இந்தப் பிரிப்பு மிக அவசியம். நுவரெலியாக் குளிரில் வீட்டுக்கு ஏசி எதற்கு? தோட்ட வீடுகளில் பெரும்பாலும் ஹீட்டரும் கிடையாது. பாவனைக் காபன் ஏற்கெனவே குறைவு என்பதால், குறைசக்தி வீடு கட்டுகிறவர் பொருளில்தான் கை வைக்க வேண்டும். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்றால் சீமெந்து, கம்பி, தகரம் ஒவ்வொன்றின் எடையையும் அதற்குரிய காரணியால் (ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ காபனீரொட்சைட்டு என்ற எண்ணால்) பெருக்கிக் கூட்ட வேண்டும், அப்புறம் கினிகத்தேனை ஏற்றம் ஏறிவரும் லொறியின் டீசலையும் சேர்க்க வேண்டும். பழைய லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை) இடிக்கும்போது கிடைக்கும் கருங்கல்லை அத்திவாரத்துக்குப் போட்டால் அந்தக் கல்லுக்குச் சூளையே இல்லை. பெயர்த்துச் சுமக்கும் செலவு மட்டும்தான். மேசனிடம் 'பொருட்காபன் குறைவு' என்று சொன்னால் இது உடனே விளங்கும்.

இதே வழியில், பொருள்களைச் செய்யச் செலவாகும் சக்திக்கு 'பொருட்சக்தி'யும் அமையும். மரத்தில் உள்ளதை 'தேங்கு காபன்' என்று தனி நிரலில் எழுதுவோம். மொத்தத்தில் கழித்துவிட்டால், மரம் உக்கும்போதோ எரியும்போதோ திரும்பி வருவது கணக்கில் மறைந்துபோகும்.

காபனுக்குப் பதில் 'கரிமம்' வேண்டும் என்பவர்களும் எழுதுங்கள். இலங்கைப் பாடநூல்களில் பிள்ளைகள் 'காபன்' என்றே படிக்கிறார்கள்; நான் அதை விடுவதாக இல்லை.