புதுப்பிப்பு: மழையில் பொள்ளாச்சி – வால்பாறை பேருந்துப் பயணம்

மழை நாளில் வால்பாறைக்குப் பேருந்தில் போனால் வெளியே ஏதாவது தெரியுமா, எந்தப் பக்கம் உட்காரலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாச்சு.

கைகொடுத்தது, ‘பக்கத்தை விடுங்க, முன் இருக்கையைப் பிடிங்க’ என்ற யோசனைதான். ஆழியாறு தாண்டியதும் மழை பிடித்தது. ஷட்டர்கள் சடசடவென்று இறங்க, பின்னால் இருந்தவர்களுக்கு ஒரே இருட்டு. எனக்கு வைப்பர் துடைத்த கண்ணாடி வழியே தேயிலைச் சரிவுவரை எல்லாம் தெரிந்தது. 40 கொண்டை ஊசி வளைவுகள். பள்ளம் இடம் வலமாக மாறிக்கொண்டே இருக்கும். இஞ்சி மரப்பா தலைசுற்றலுக்கு ஓரளவுதான்.

எதிர்பாராதது: ஏறும்போது 9ஆம் வளைவில் வெறும் மூட்டம். இறங்கும்போது அது விலகி ஆழியாறு அணை முழுசாகத் தெரிந்தது. தடுப்புச் சுவரோரம் ஒரு வரையாடு உடம்பை உதறிக்கொண்டு நின்றது. அப்புறம், வெள்ளம் என்று குரங்கு அருவியில் குளிக்க விடவில்லை. மாற்றுத்துணி சுமந்ததுதான் மிச்சம்.