முதன்முறையாகத் தனியே விமானம் ஏறும் அம்மா: திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு

உறையூர் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். அடுத்த மாதம் எனக்குத் தலைப்பிரசவம். உடனிருந்து கவனித்துக்கொள்வதற்காக 64 வயதான என் தாயார் திருச்சியிலிருந்து தனியாக வருகிறார். அவர் இதுவரை விமானம் ஏறியதில்லை. தமிழ் தவிர வேறு மொழி அறியார். மூட்டு வலியால் நெடுந்தூரம் நடக்கவோ படி ஏறவோ இயலாது. நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கடவுச்சீட்டில் அவர் பெயர் ஒற்றைச் சொல்லாக இருக்கிறது. குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக உள்ளது. பிரசவ மருந்துச் சாமான்கள், ஊறுகாய், நல்லெண்ணெய் என்று இப்போதே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். அவர் வழியில் யாரிடமும் விளக்கம் சொல்லித் தடுமாறாமல் இருக்க, நான் இங்கிருந்தே எவற்றைச் செய்து வைக்கலாம்?

பொன்மலைக்காரர்

சகோதரிக்கு வாழ்த்துகள். முதல் வேலையாக விமான நிறுவனத்தைத் தொடர்புகொண்டு சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்யுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது இதைச் செய்துவிட வேண்டும். நடக்க முடியாது என்பதோடு படி ஏறவும் முடியாது என்று தெளிவாகச் சொன்னால்தான் அதற்கேற்ற ஏற்பாடு நடக்கும். என் தாயாரை அனுப்பியபோது மூட்டு வலிக்காக மட்டுமே இதைக் கேட்டேன். ஆனால் உதவியாளர் ஒருவர் குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை என்று ஒவ்வோர் இடத்துக்கும் உடன் வந்ததால், மொழி தெரியாத கவலையும் சேர்ந்தே தீர்ந்தது.

பெயரைப் பொறுத்தவரை, விசாவிலும் சிங்கப்பூர் வருகை அட்டையிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பயணச்சீட்டில் ஒற்றைப் பெயரை எழுதுவதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறுவதால், அதை அவர்களிடமே கேட்டுப் பதிவு செய்யுங்கள். வருகை அட்டையை, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் விலகிவிடுங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி, அட்டையில் கொடுக்கும் மின்னஞ்சலுக்கே வரும் என்பதால் உங்கள் முகவரியையே கொடுங்கள். அந்த அட்டை விசாவுக்கு மாற்று அன்று. விசாவை அச்செடுத்துக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானமாக இருந்தால் தேதியைக் கவனியுங்கள். 15ஆம் தேதி 00.40 என்றால் 14ஆம் தேதி இரவே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். இதில் ஏமாந்து விமானத்தைத் தவறவிட்ட உறவினர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அழைத்து வருபவரிடம், திருச்சியில் 2024 ஜூன் முதல் புதிய முனையமே இயங்குகிறது என்பதையும், மூன்று மணி நேரம் முன்னதாகச் சேர்ந்துவிட வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

சமையலறைச் சிநேகிதி

பெட்டியைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். நம் வீட்டில் அது வெறும் மசாலாச் சாமான்தான். அங்கே போதைப்பொருள் சட்டத்தின்கீழ் பார்க்கப்படுகிறது. தனிப் பொட்டலமாக மட்டுமின்றி, வீட்டில் அரைத்த குருமாப் பொடியிலும் அது கலந்திருக்கலாம் என்பதால், அம்மாவிடம் தொலைபேசியில் ஒவ்வொரு பொடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுக்கு, திப்பிலி, ஓமம் போன்றவற்றைத் தனித்தனியாகப் பெயர் எழுதிக் கட்டினால், திறந்து பார்க்க நேர்ந்தாலும் விளங்கிவிடும்.

கொப்பரைத் தேங்காயை வீட்டிலேயே விட்டுவிடட்டும்; எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பற்றும் என்பதால் சரக்குப் பெட்டியில் அதற்கு அனுமதியில்லை. நல்லெண்ணெயும் ஊறுகாயும் சரக்குப் பெட்டிக்குள்தான் போக வேண்டும், ஏனெனில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டி எதுவும் செல்லாது. என் மாமியார் மாதக் கணக்கில் ஊறவைத்த மாவடுவைச் சோதனை மேடையில் விட்டுவிட்டு வந்து, விமானத்தில் அழுதுகொண்டே இருந்தார்.

மருந்தகப் பணியாளர்

இன்சுலினைக் கட்டாயம் கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். சரக்கறைக் குளிரில் அது உறைந்தால் பயனற்றுப் போகும். மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில், கடவுச்சீட்டில் உள்ள அதே பெயரில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மருந்து வேண்டாம். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால், சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம், இப்போதே விசாரியுங்கள்.

உறையூர் மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை அம்மாவிடம் கேட்டேன். குருமாப் பொடியில் கசகசா இருந்தது, எடுத்துவிட்டார். சக்கர நாற்காலிதான் இன்னும் முடிவாகவில்லை, "நான் என்ன நோயாளியா" என்று மறுக்கிறார்.

பொன்மலைக்காரர்

என் தாயாரும் அதையேதான் சொன்னார். நாற்காலிக்காக அல்ல, வழிகாட்ட ஆள் வருவதற்காக என்று சொல்லிப் பாருங்கள், சகோதரி. சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி என்பதால், இறங்கிய பிறகு தமிழ் பேசுபவர் கிடைக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் தாயார் அந்த ஒரு சொல்லில்தான் சம்மதித்தார்.