வாஸ்கசூ: வயதான பெற்றோருடன் கிரே அவுல் குடிலுக்குச் செல்ல இயலுமா?

கேள்வி

எழுபது வயதைக் கடந்த என் பெற்றோருடன் செப்டம்பர் நடுவில் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்திலுள்ள பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவுக்குச் சென்று, வாஸ்கசூ ஏரிக்கரை ஊரில் நான்கு நாள்கள் தங்க எண்ணியிருக்கிறோம். மரங்களைக் கடித்து அணை கட்டும் பீவர் விலங்குகளைக் காக்க வேண்டுமென எழுதிவந்த கிரே அவுல், 1931 முதல் 1938இல் இறக்கும் வரை வாழ்ந்த அஜவான் ஏரிக்கரைக் குடிலைக் காண வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. பீவர்கள் தம் வீட்டில் பாதியை அக்குடிலுக்குள்ளேயே கட்டின என்று படித்ததிலிருந்து அதே பேச்சாக இருக்கிறார். காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாமா? ஊருக்குள்ளேயே எல்க் மான்கள் திரிகின்றன என்று கேட்டு அம்மா அஞ்சுகிறார்.

மறுமொழி 1

ஒரே நாளில் போய்வரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கார் கிங்ஸ்மியர் ஆற்றருகே வரைதான் செல்லும். அங்கிருந்து குடிலுக்கு ஒருவழி நடையே 20 கிலோமீட்டர் என்பதால், நடப்பவர்கள் வழியிலுள்ள முகாம்களில் தங்கித்தான் திரும்புகிறார்கள். படகில் செல்வோர், ஆழமற்ற அந்த ஆற்றுப் பகுதியைத் தவிர்க்க, சிறு தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் படகை ஏற்றித் தாங்களே தள்ளிக்கொண்டு போவார்கள். நானும் ஒருமுறை தள்ளியிருக்கிறேன். மழை பெய்திருந்ததால் கட்டைகளில் கால் வழுக்கிக்கொண்டே இருந்தது. அதைத் தாண்டினாலும், காற்று எழுந்தால் கிங்ஸ்மியர் ஏரியில் அலை மிகுந்துவிடும். அப்பாவை அதில் அழைத்துச் செல்லுமாறு என்னால் சொல்ல முடியாது. மாறாக, அந்தத் தண்டவாளம் வரை மெல்ல நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். ஸ்ப்ரூஸ் மரங்களின் கரும்பச்சைக்கு நடுவே ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகும் பருவம் அது.

மறுமொழி 2

அம்மாவின் அச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள். வாஸ்கசூ என்ற பெயரே எல்க்கைக் குறிக்கும், கனடாவின் பூர்வகுடிகளான கிரீ மக்களின் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. செப்டம்பர் அவற்றின் இணைசேர்க் காலமாதலால் ஆண் மான்கள் எளிதில் சீறும்; எனவே குறைந்தது 30 மீட்டர் விலகியே நில்லுங்கள், புல்வெளியில் படுத்திருப்பது சாதுவாகத் தோன்றினாலும் படமெடுக்க நெருங்காதீர்கள். அந்தி நேரத்தில் அறைச் சன்னலைத் திறந்து வைத்தால், அடித்தொண்டையில் தொடங்கிச் சீழ்க்கையாக உயர்ந்து உறுமலில் முடியும் அதன் குரலை அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கலாம்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் சொன்னேன், சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, தண்டவாளம் வரை வருவதாக ஒப்புக்கொண்டார். குடிலுக்கு அடுத்த கோடையில் நானும் தம்பியும் முகாமிட்டு நடந்து செல்வதாக முடிவு செய்திருக்கிறோம். பீவர்கள் கட்டிய அந்தப் பகுதியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுத்து வர வேண்டுமென்று இப்போதே சொல்லிவிட்டார்.