மிட்ஜுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

முத்தியால்பேட்டை மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். சின்ன உதவி, ஆங்கிலத்தில் மிட்ஜ் என்னும் சின்னப் பூச்சி பற்றியது. புதுச்சேரியில் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள், புதிதாக வருகிறவர்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்று போடுகிறார்கள். மூலம் ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுதியது. வெயில், தண்ணீர், பங்சர் எல்லாம் தமிழில் வந்துவிட்டன. ‘கோடையில் மிட்ஜ் கடி’ என்ற பக்கத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். கொசு என்று போட்டுவிட்டுப் போகலாம் என்றால், இரண்டாவது வரியே ‘இது கொசு அல்ல, கொசுவலைக் கண்ணுக்குள்ளும் புகுந்துவிடும்’ என்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். தலைப்புக்கு ஒரு வரிதான் இடம்.

லாஸ்பேட்டை புலவர், திங்கள் மதியம்

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. நுளம்பு. ‘நுள்’ என்னும் வேரைப் பாருங்கள். நுண்மை, நுனி, நுழைதல், நுள்ளுதல் எல்லாம் சிறுமையையும் உட்புகுதலையும் சுற்றி வருபவை. சிறிய உடம்பு, தோலில் நுழையும் வாய், நுள்ளியது போன்ற வலி, மூன்றும் ஒரே வேரில் கிடைக்கின்றன. மணலுக்குள் முழுகிக் கிடக்கும் தவளைக்கு நுணல் என்று பெயர் வந்ததும் இதனால்தான் என்பேன். நெய்தல் நில மீனவரான நுளையர்கூடக் கடலுக்குள் நுழைவோரோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. அதைத் தனி மடலில் விரிப்பேன். கடிக்கும் வகை என்று காட்ட ‘கடிநுளம்பு’ என்க.

கோரிமேட்டுக்காரர் (பிறந்தது யாழ்ப்பாணம்), திங்கள் மாலை

புலவர் ஐயா, எங்கள் ஊரில் நுளம்பு என்றாலே கொசுதான். கொசுவலைக்கு நுளம்பு வலை, கொசுவர்த்திக்கு நுளம்புத்திரி என்றே வளர்ந்தோம். இங்கே வந்த புதிதில் கடையில் நுளம்புத்திரி கேட்டேன். கடைக்காரர் விளக்குத்திரியை எடுத்து நீட்டினார். ‘இது கொசு அல்ல, நுளம்பு’ என்று நீங்கள் அச்சடித்தால், எங்கள் ஆட்கள் ‘இது கொசு அல்ல, கொசு’ என்று படிப்பார்கள்.

வில்லியனூர் ஆசிரியர், திங்கள் இரவு

எனக்கு நுளம்பில் சிக்கல் இல்லை, ‘கடி’யில்தான். நன்னூல் ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, அச்சம், புதுமை, மணம் என்று பொருளை அடுக்கிக்கொண்டே போகிறது. கடிநகர் என்றால் காவல் உள்ள நகர். அப்படியானால் கடிநுளம்பு, காவல் காக்கும் நுளம்பா, கல்யாண நுளம்பா?

லாஸ்பேட்டை புலவர், திங்கள் இரவு, 11 மணி தாண்டி

அச்சம் என்ற பொருளில் கொள்க. பழைய அகராதிகள் நுளம்புக்குச் சிறு ஈ என்றும் பொருள் தருகின்றன. ஈழத்தில் அது கொசுவோடு நின்றுவிட்டதற்கு நாம் என்ன செய்ய முடியும்? பிற நிலத்து வழக்கான திசைச்சொல்லை வைத்து, பொது வழக்கான இயற்சொல்லை அளக்கக்கூடாது.

கோரிமேட்டுக்காரர், இரண்டு நிமிடம் கழித்து

ஐயா, யாருக்கு யார் திசை?

பாகூர் கால்நடை மருத்துவர், செவ்வாய் காலை

பெயர் வைப்பதற்கு முன் ஆளைப் பார்த்துவிடுவோம். நான் இவற்றை ஆட்டுப்பட்டியில் பார்க்கிறவன். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவது இந்தப் பூச்சிதான். நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். கடிப்பது பெண் மட்டும், முட்டைக்கு இரத்தம் வேண்டும் என்பதற்காக. கொசு ஊசிபோலக் குத்தி உறிஞ்சும். இது சின்ன ரம்பம் போன்ற வாயால் தோலைக் கீறி, ஊறும் இரத்தத்தைக் குடிக்கும். ஆகவே ‘கடி’ என்ற சொல் கொசுவைவிட இதற்குத்தான் பொருந்தும். வில்லியனூர் ஆசிரியர் மன்னிக்கவும்.

இன்னொன்று. ஊசுடு ஏரிப் பக்கம் மாலையில் விளக்கைச் சுற்றித் தூண் தூணாகப் பறந்து, சைக்கிளில் போகிறவர் வாயிலும் கண்ணிலும் விழுகிறதே, அது பெரும்பாலும் கடிக்காத வகை. ஆங்கிலத்தில் அதற்கும் மிட்ஜ்தான் பெயர், குடும்பம் வேறு. நீங்கள் வைக்கும் பெயர் இரண்டுக்கும் பொதுவா, கடிக்கிறதுக்கு மட்டுமா? கொசுவும் இவையும் இரண்டு சிறகுள்ள ஈக்களின் வரிசையைச் சேர்ந்தவை. எனவே ‘நுண்ணீ’ என்பது அறிவியலுக்குக் குந்தகம் இல்லாத பெயர். கடிப்பது ‘கடி நுண்ணீ’, கடிக்காதது வெறும் நுண்ணீ.

வில்லியனூர் ஆசிரியர், செவ்வாய் காலை

நுண் + ஈ, புணர்ச்சி சரி. தனிக்குறிலை அடுத்த ஒற்று அழகாக இரட்டியிருக்கிறது. ஆனால் அச்சகத்தில் ஒரு ‘ர்’ சேர்ந்தால் நுண்ணீர் ஆகிவிடும். தண்ணீர், வெந்நீர் வரிசையில் வைத்துக் குடிக்கலாமா என்று கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர், செவ்வாய் பிற்பகல்

பிரெஞ்சில் ஈ என்றால் மூஷ். அதைச் சிறுமைப்படுத்தி மூஷ்ரோன் ஆக்கி, எல்லாப் பொடிப் பூச்சிகளையும் அதில் அடைத்துவிட்டார்கள். கனடாவின் கெபெக் பக்கம் மட்டும் கடிக்கிறதைப் ‘ப்ரூலோ’ என்பார்கள், எரி என்ற வினையிலிருந்து. அமெரிக்கர்கள் ‘கண்ணுக்குத் தெரியாது’ என்பதையே பெயராக வைத்திருக்கிறார்கள். உருவத்தை விட்டு எரிச்சலைப் பிடித்தால் என்ன? ‘எரிகடி’. தமிழ் விவிலியத்தில் கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்களைப் பற்றி வருகிறது. நம் குழு நினைவுக்கு வந்தது, தவறாக எண்ண வேண்டாம்.

கடலூர் முதுநகர் தம்பி, செவ்வாய் இரவு

பெரியவர்களுக்கு வணக்கம். எனக்கு இலக்கணம் அவ்வளவு தெரியாது, கடி தெரியும். போன மாதம் உப்பனாற்று ஓரம் சாயங்காலம் பங்சர் ஆகி இருபது நிமிடம் நின்றேன். கணுக்கால், முழங்காலுக்குப் பின்பக்கம், கையுறை முடியும் இடம் எல்லாம் சிவப்புப் புள்ளி. மூன்று நாள் சொறிந்தேன். கொசு கடித்தால் சத்தமாவது கேட்கும். இது ஒன்றும் கேட்கவில்லை.

மருத்துவர் ஐயா, ஓடிக்கொண்டிருக்கும்போது ஏன் கடிப்பதில்லை?

பாகூர் கால்நடை மருத்துவர், செவ்வாய் இரவு

தம்பி, அது மிக மோசமாகப் பறக்கும் பூச்சி. மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தாலே திணறும். நீங்கள் 20ல் போகும்போது அதனால் தொடர முடியாது. நின்றதும் உங்கள் மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயுவை மோப்பம் பிடித்து வந்துவிடும். ஈரச் சேறும் சாணமும் அதன் பிறந்த வீடு. உப்பங்கழி, அலையாத்திக் காட்டு ஓரம் எல்லாம் அதற்குத் தோதான இடம். அந்தியிலும் விடியலிலும்தான் அதிகம் வரும். ஸ்காட்லாந்தில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். நம் ஆட்கள் அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து சரியாக அந்த இரண்டு வேளையில்தான் வண்டியை எடுக்கிறார்கள். கையேட்டில் இதைக் கட்டாயம் சேருங்கள் அம்மா. மூலத்தில் இருக்காது.

நிற்பதானால் காற்று வரும் இடத்தில், கடற்கரைப் பக்கமாக நில்லுங்கள். முழுக்கை, காலுறை. பூச்சி விரட்டி பூசுவதானால் வெயில் களிம்பு முதலில், விரட்டி அதற்கு மேலே. கடித்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வைத்தால் போதும். நகம் படக்கூடாது, புண் சீழ்பிடிக்கும். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

கடலூர் முதுநகர் தம்பி, புதன் காலை

நன்றி ஐயா. எங்கள் வீட்டில் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு “பொடிக்கொசு கடிச்சிருக்கு” என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவாக வந்த சொல். அதையே போட்டால் என்ன?

பாகூர் கால்நடை மருத்துவர், புதன்

ஆனால் அது கொசு இல்லையே.

முத்தியால்பேட்டை மொழிபெயர்ப்பாளர், புதன்

ஐயா, பட்டுப்பூச்சியும் மூட்டைப்பூச்சியும் உறவினர்களா? புளியங்கொட்டையும் முந்திரிக்கொட்டையும்? பெயருக்குள் ஒரு சொல் வந்தால் அந்தக் குலம் என்று எந்த வாசகரும் எடுத்துக்கொள்வதில்லை. ‘பொடிக்கொசு கொசு அல்ல’ என்று எழுதினால் புரிகிறது. ‘கடி நுண்ணீ கொசு அல்ல’ என்று எழுதினால், யார் அதைக் கொசு என்று சொன்னது என்று கேட்பார்கள்.

லாஸ்பேட்டை புலவர், புதன் மாலை

கேட்கட்டும். கேட்டுத்தான் கற்பார்கள். பேருந்து என்றபோதும் சிரித்தார்கள், இன்று யார் சிரிக்கிறார்கள்? எளிமை எளிமை என்று போனால் மிஞ்சுவது பொடியும் சின்னதும் குட்டியும்தான். ஒரு வேரிலிருந்து பத்துச் சொல் கிளைக்க வேண்டும். பொடிக்கொசுவிலிருந்து என்ன கிளைக்கும்?

வில்லியனூர் ஆசிரியர், புதன் மாலை

பொடிக்கொசுக்கடி கிளைக்கும் ஐயா. அந்தப் பக்கத்துக்கு அது போதும். நுணலும் தன் வாயால் கெடும், நான் படுக்கப் போகிறேன்.

முத்தியால்பேட்டை மொழிபெயர்ப்பாளர், வெள்ளி காலை

இதுவரை பொடிக்கொசுவுக்கு ஆறு பேர், நுண்ணீக்கு மூன்று, கடிநுளம்புக்குப் புலவர் ஐயா, எரிகடிக்குப் பிரெஞ்சு ஐயா. தலைப்பில் ‘பொடிக்கொசுக்கடி’ போட்டுவிட்டேன். கடிக்காத வகைக்குப் பெயரே வைக்காமல் ‘விளக்கைச் சுற்றும் பூச்சி’ என்று ஒப்பேற்றியிருக்கிறேன். மருத்துவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாகூர் கால்நடை மருத்துவர், வெள்ளி

பொறுத்துக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை.

லாஸ்பேட்டை புலவர், வெள்ளி

என் மறுப்பையும் பதிக. நுளையர் மடல் நாளை வரும்.

காரைக்கால் அன்பர், சனி இரவு

அனைவருக்கும் வணக்கம். ஒரு வாரமாக ஊரில் இல்லை, முதல் மடலை மட்டும்தான் பார்த்தேன். நுளம்பு என்று நல்ல சொல் இருக்கிறதே, யாரும் யோசிக்கவில்லையா?