மூலிகைப் பாத்திக்கு எந்த எரு, எவ்வளவு?

இயற்கை எருதானே, எவ்வளவு இட்டால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். கீரைக்கு அது ஓரளவு பொருந்தலாம், மூலிகைக்குப் பொருந்தாது என்பதே என் அனுபவம். துளசியில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஒரே நாற்றங்காலில் வளர்ந்த நாற்றுகளை இரண்டு பாத்திகளில் நட்டு, ஒன்றில் கோழி எருவைத் தாராளமாகவும் மற்றதில் மட்கிய தொழு எருவை அளவாகவும் கலந்தேன். கோழி எரு இட்ட பாத்தியில் இலைகள் அகன்று தளதளவென்று நின்றன. ஆனால் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் தழை வாடைதான் முந்திக்கொண்டு வந்தது. மற்ற பாத்தியில் இலை சிறிது. கசக்கிய விரலில் காரமான மணம் நெடுநேரம் தங்கியது. அசுவினி என்னும் சாறுறிஞ்சிப் பூச்சியும் தளதளத்த பாத்திக்குத்தான் முதலில் வந்தது. நைட்ரஜன் என்னும் தழைச்சத்து மிகுந்தால் தழை பெருகும், தண்டு இளகும், சாறு உறிஞ்சும் பூச்சிகள் மொய்க்கும். மருந்துக்கு வளர்க்கும் செடியில் மணமும் கசப்பும்தான் விளைச்சல், எடை அல்ல.

அதைவிட முக்கியம், எரு நன்றாக மட்கியிருப்பது. பச்சைச் சாணம் மண்ணுக்குள் நொதித்துச் சூடேறி இளவேரைக் கருக்கும். களை விதையும் வண்டுப் புழுவும் கூடவே வரும். மட்காத மரத்தூளோ வைக்கோலோ கலந்திருந்தால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துவிடும். குவியலின் நடுவில் கையை விட்டால் சூடு தெரியக் கூடாது. ஒரு பிடி ஈர எருவைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள்: மண்வாசனை வந்தால் இடலாம், அம்மோனியா நெடியோ புளித்த நாற்றமோ வந்தால் குவியல் இன்னும் கிடக்கட்டும். இது செடியின் நலம் மட்டுமல்ல, உண்பவரின் நலமும்கூட. உலக சுகாதார அமைப்பு 2003-இல் வெளியிட்ட மூலிகைச் சாகுபடி வழிகாட்டுதலும் கால்நடை எருவை முழுமையாக மட்கவைத்தே இடச் சொல்கிறது. மனிதக் கழிவை அடியோடு விலக்குகிறது.

*

ஐயா, துளசிக்கு நீங்கள் சொன்னது சரி. வல்லாரைக்கு அப்படிக் கையைச் சுருக்க வேண்டியதில்லை. ஈரமும் மட்கிய எருவும் நிறைந்த மண்ணில்தான் அது ஓடிப் படரும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் மண்புழு உரத்தை மெல்லிய அடுக்காகத் தூவி, தண்ணீர் தெளித்து விடுகிறேன். கணுக்கள் உடனே வேர் பிடிக்கின்றன. இலை தரையை ஒட்டியே கிடப்பதால் பச்சைச் சாணக் கரைசலை மட்டும் அதன்மேல் ஊற்றுவதே இல்லை. பச்சையாக மென்று தின்கிற இலை அது. கற்றாழை இதற்கு நேர் எதிர்: எரு கூடி, தண்ணீரும் தேங்கினால் அடி அழுகிவிடும்.

*

வேரை மருந்தாக எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமுக்கராவை (அசுவகந்தா) பிடுங்கியபோது வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தது. வேருக்குள் புகும் நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. அடுத்த நடவுக்கு முன்பே பொடித்த வேப்பம் புண்ணாக்கை மண்ணில் கலந்து, ஈரம் காட்டி ஆறப்போட்டேன். முடிச்சுகள் வெகுவாகக் குறைந்தன. நடவுக்குப் பிறகு தழைச்சத்து மிகுந்த எருவைக் கொட்டாதீர்கள்; மேலே இலை செழிக்கும், கீழே வேர் மெலிந்து நிற்கும்.