தனுஷ்கோடியில் செந்தொண்டையோடு ஒரு உள்ளான்: ரெட் நெக்ட் ஸ்டின்ட் தானா?

மண்டபத்தான்:
வணக்கம். ஏப்ரல் கடைசியில் கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் ரோட்டோரச் சேற்றில் கொசு உள்ளான் (லிட்டில் ஸ்டின்ட் என்கிற குட்டிக் கரைப்பறவை) கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது, அதில் ஒன்றுக்கு மட்டும் தொண்டையும் கன்னமும் நல்ல செங்கல் நிறம். காலும் அலகும் கறுப்பு. கானல் அலையடித்ததால் படம் சுமார்தான். இது அதே மாதிரி இருக்கும் ரெட் நெக்ட் ஸ்டின்ட்டா, இல்லை கொசு உள்ளானே நிறம் மாறியிருக்கிறதா?

உள்ளான்பித்து:
கால் கறுப்பு என்றால் இன்னொரு குட்டி உள்ளானான டெம்மின்க் ஸ்டின்ட் இல்லை, அதற்கு மஞ்சள் கலந்த பச்சைக் கால். சிவப்பை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீர்கள், வடக்கே கிளம்பும் முன் கொசு உள்ளானும் நன்றாகவே சிவக்கும். ஆனால் அதற்குத் தொண்டை வெள்ளையாக இருக்கும், மார்பின் பக்கவாட்டுக் கரும்புள்ளிகள் ஆரஞ்சு நிறத்துக்குள்ளேயே விழும். ரெட் நெக்ட்டுக்குத் தொண்டை புள்ளியில்லாத சிவப்பு, புள்ளிகள் அதற்குக் கீழே வெள்ளையில் தொடங்கும். இறக்கை மூடியிருக்கும் படம் ஏதாவது இருக்கிறதா? கொசு உள்ளானுக்கு அங்கே இறகு ஓரமெல்லாம் செம்பழுப்பு, ரெட் நெக்ட்டுக்குப் பெரும்பாலும் சாம்பல்.

சேதுக்கரை:
உருவத்தையும் பாருங்கள். ரெட் நெக்ட்டுக்குக் கால் கொஞ்சம் குட்டை, பின்பக்கம் நீளம், அலகு சற்றுத் தடிப்பு. சைபீரியாவின் வடகோடியில் கூடு கட்டிவிட்டு தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா என்று போகிற பறவை அது, நம் கரையில் அபூர்வம். அதனால் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றும்போது மங்கலான படத்தையும் விடாமல் போடுங்கள், பார்த்ததை வரிவரியாக எழுதுங்கள். இன்னொன்று, படத்துக்காகச் சேற்றில் இறங்கித் துரத்தாதீர்கள். 30 கிராம் அளவே இருக்கும் உயிர், இப்போது தின்று சேர்க்கிற கொழுப்பை வைத்துத்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கணும். அந்தச் சேற்றில் ஜீப்பை ஓட்டிக் கூட்டத்தைக் கிளப்பி விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மண்டபத்தான்:
சரி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். தொண்டையில் ஒரு புள்ளிகூட இல்லை, சிவப்பு முடிகிற இடத்துக்குக் கீழேதான் புள்ளிகள். இறக்கையும் சாம்பல்தான், ஒன்றிரண்டு இறகில் மட்டும் லேசான பழுப்பு.

உள்ளான்பித்து:
அப்படியென்றால் ரெட் நெக்ட்தான், எனக்குச் சந்தேகமில்லை. இன்றைக்கே ஏற்றிவிடுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) பலமாக அடிக்கத் தொடங்குவதற்குள் அங்கே போகிறவர்கள் ரோட்டில் நின்றே டெலஸ்கோப்பில் தேடிப் பாருங்கள்.